சி-டு-சி கேபிளில் டிரிம்மர் ஏறவில்லை, ஏ-டு-சியில் ஏறுகிறது: டைப்-சி குழப்பங்களுக்கு ஓர் இழை

#1 கேள்விக்குறி

லேப்டாப்போடு வரும் 65 வாட் டைப்-சி சார்ஜர், இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிள். இதில் போன், டேப்லெட் இரண்டும் ஒழுங்காக ஏறுகின்றன. அதே கேபிளை டிரிம்மரிலோ ப்ளூடூத் நெக்பேண்டிலோ செருகினால் விளக்குகூட எரிவதில்லை. பழைய சதுர முனை சார்ஜரையும் ஏ-டு-சி கேபிளையும் போட்டால் உடனே ஏறுகின்றன. ஓட்டை ஒன்றுதானே? சார்ஜரில் கோளாறா, கேபிளிலா, டிரிம்மரிலா? சரிசெய்ய வழி உண்டா?

#2 தாமிரக்கம்பி

கோளாறு டிரிம்மரில்தான். இன்னும் சரியாகச் சொன்னால், டிரிம்மர் செய்தவர்கள் மிச்சம் பிடித்த இரண்டு ரெசிஸ்டர்களில்.

பழைய சதுர யூஎஸ்பி-ஏ போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் உயிரோடு இருக்கும். எதைச் செருகினாலும் மின்சாரம் பாயும். டைப்-சி சார்ஜர் அப்படி இல்லை. எதுவும் செருகாதபோது அதன் மின்முனையில் 0 வோல்ட்தான். எதிர்ப்பக்கம் ஒரு சாதனம் இருக்கிறது என்று உறுதியான பிறகே 5 வோல்ட்டைத் திறக்கும். உறுதி செய்வது எப்படி? சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின்கள். சார்ஜ் வாங்கும் சாதனம் ஒவ்வொரு சிசி பின்னையும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கத்துக்கு) இழுத்திருக்க வேண்டும். சார்ஜர் அந்த இழுப்பைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறது.

மலிவு டிரிம்மர், டார்ச், நெக்பேண்ட், கொசு பேட் எல்லாவற்றிலும் பழைய மைக்ரோ யூஎஸ்பி சர்க்யூட்டையே வைத்துக்கொண்டு சாக்கெட்டை மட்டும் டைப்-சி ஆக்கிவிடுகிறார்கள். சிசி பின்கள் எங்கும் இணைக்கப்படாமல் தொங்கும். சார்ஜர் கதவைத் தட்டிப் பார்க்கும், உள்ளிருந்து குரல் வராது, சும்மா இருந்துவிடும். உங்கள் சார்ஜர் விதிப்படி சரியாகவே நடந்துகொள்கிறது.

#3 ஆம்பியர்_ஆறுமுகம்

அண்ணே, அது இருக்கட்டும். 65 வாட்டைக் கொண்டுபோய் டிரிம்மர்ல சொருகுறதே தப்பில்லையா? நல்லவேளை ஏறல, ஏறியிருந்தா வெடிச்சிருக்கும்.

#4 தாமிரக்கம்பி

வெடிக்காது ஆறுமுகம். 65 வாட் என்பது சார்ஜர் கொடுக்கக்கூடிய உச்சம். வாங்குகிறவன் எவ்வளவு கேட்கிறானோ அவ்வளவுதான் போகும். வீட்டு பிளக்கில் 6 ஆம்பியர் இருக்கிறது என்பதற்காக ஜீரோ வாட் பல்பு வெடிப்பதில்லையே.

வோல்ட்டேஜ்தான் கவனிக்க வேண்டியது. அதற்கும் காவல் உண்டு. பிடி என்னும் பவர் டெலிவரி முறையில் சார்ஜர் எப்போதும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். "என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது" என்று சிசி கம்பி வழியாகப் பட்டியல் அனுப்பும். சாதனத்தில் உள்ள சிப் "9 கொடு" என்று கேட்டால்தான் 9 வரும். டிரிம்மரில் பிடி சிப்பே கிடையாது. யாரும் கேட்காததால் 5 வோல்ட்டிலேயே நிற்கும்.

#5 மல்டிமீட்டர்மணி

பழுது பார்க்கும் வழி கேட்டாரே, அதைச் சொல்கிறேன்.

முதலில் சாதனத்தைத் திறந்து சாக்கெட்டைப் பாருங்கள். 6 பின் அல்லது 16 பின் சாக்கெட்டாக இருந்தால் சிசி பின்கள் இருக்கும். டேட்டாஷீட்டில் அவற்றுக்குப் பெயர் ஏ5, பி5. வெறும் 2 பின் சாக்கெட் என்றால் உள்ளே சிசி தொடர்பே கிடையாது. சாக்கெட்டையே மாற்றினால்தான் உண்டு, அந்த வேலைக்கு டிரிம்மர் மதிப்பில்லை.

சிசி பின் இருந்தால்:

பேட்டரி வயரை முதலில் கழற்றுங்கள். லித்தியம் செல் இணைப்பில் இருக்கும்போது சால்டரிங் முனை குறுக்கே பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

ஏ5-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 5.1கே. பி5-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே இன்னொரு 5.1கே. இரண்டு பின்னையும் ஒன்றாக முடிந்து ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள், காரணம் கீழே யாராவது கேட்டால் சொல்கிறேன். 0603 அளவு எஸ்எம்டி ரெசிஸ்டர் (கால் கம்பி இல்லாத குட்டி வகை) சாக்கெட்டின் உலோகக் கூட்டுக்கும் பின்னுக்கும் நடுவே உட்காரும். ஆனால் கூடு கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரில் பீப் பார்த்துவிட்டு வையுங்கள். சில போர்டுகளில் கூடு எதிலும் சேராமல் தனியாக நிற்கும்.

முடித்ததும் பேட்டரியைச் சேர்க்காமலேயே மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்து பாருங்கள். சிசி-கிரவுண்ட் சுமார் 5.1கே வர வேண்டும். சிசிக்கும் விபஸுக்கும் (5 வோல்ட் வரும் பின்) நேரடித் தொடர்பு இருக்கவே கூடாது. பின்களின் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான், ஈயம் வழிந்து ஒட்டுவது வழக்கமான விபத்து.

தண்ணீர் புகாத டிரிம்மர் என்றால் திறந்த பிறகு அந்த ரப்பர் சீல் பழையபடி அடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

#6 நள்ளிரவு_சார்ஜ்

5.1கே பல கடைகளில் கிடைப்பதில்லை சார். 4.7கே போடலாமா?

#7 மல்டிமீட்டர்மணி

விதி 5.1கே-க்கு 10 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதிக்கிறது, அதாவது கீழ் எல்லை 4.59கே. உங்கள் 4.7கே சரியாக 4.7 இருந்தால் எல்லைக்குள் வரும். ஆனால் 5 சதவீத டாலரன்ஸ் உள்ள 4.7கே உண்மையில் 4.47 வரை இறங்கலாம். பல சார்ஜர்கள் கண்டுகொள்ளாது, ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும்.

10கே எல்லாக் கடையிலும் இருக்கும். இரண்டு 10கே-யைப் பக்கம்பக்கமாக, பேரலலாக, வைத்தால் 5கே. ஒரு சிசிக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு. எஸ்எம்டியை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் சால்டர் பண்ணலாம், இடம் அதிகம் பிடிக்காது.

#8 ஸ்க்ரூடிரைவர்

திறக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பென்டிரைவ் செருக வாங்குவோமே, ஒரு பக்கம் டைப்-சி ஆண், மறுபக்கம் சதுர பெண் முனை உள்ள ஓடிஜி துண்டு, அதை சி சார்ஜரில் செருகுங்கள். அதன் பின்னால் பழைய ஏ-டு-சி கேபிள். டிரிம்மர் ஏறும்.

ஏன் என்றால் ஓடிஜி துண்டுக்குள்ளேயே அந்த 5.1கே இருக்கிறது. ஓடிஜி வேலை செய்வதே அதனால்தான்: போன் அந்த ரெசிஸ்டரைப் பார்த்து "எதிரில் ஒரு சாதனம் இருக்கிறது, நான் மின்சாரம் கொடுக்க வேண்டும்" என்று முடிவெடுக்கிறது. சார்ஜரும் அதே ஏமாற்றுக்கு விழுகிறது.

ஒன்று மட்டும். அப்படிச் செய்த சதுர முனையில் எதுவும் செருகாவிட்டாலும் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் துண்டைக் கழற்றி வையுங்கள்.

#9 ஆம்பியர்_ஆறுமுகம்

ரெண்டு சிசியையும் ஒண்ணா முடியக்கூடாதுன்னு சொன்னீங்களே மணி அண்ணே, நான் கேக்குறேன். ஏன்?

#10 மல்டிமீட்டர்மணி

2019 ஜூனில் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்னும் குட்டிக் கணினி போர்டு செய்த தவறு அதுதான். இரண்டு சிசியும் ஒரே 5.1கே-யில் போய்ச் சேர்ந்தன. சாதாரணக் கேபிளில் ஓடியது. இ-மார்க்கர், அதாவது கேபிள் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் சிப், உள்ள கேபிளைப் போட்டால் ஓடவில்லை. அந்த மாதிரிக் கேபிளுக்குள் இரண்டாவது சிசி முனையில் சுமார் 1கே ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றாக முடிச்சிட்டதால் சார்ஜருக்கு இரு பக்கமும் சின்ன ரெசிஸ்டன்ஸ் தெரிந்தது. விதிப்படி அதற்கு அர்த்தம் "அனலாக் ஹெட்போன் மாட்டியிருக்கிறது". ஹெட்போனுக்கு யார் மின்சாரம் தருவார்கள்? பின்னால் வந்த போர்டு திருத்தத்தில் சரிசெய்தார்கள்.

#11 நள்ளிரவு_சார்ஜ்

இழை தடம் மாறினாலும் கேட்டுவிடுகிறேன். ஒரே போன், ஒரே சார்ஜர், கேபிளை மாற்றினால் வேகம் பாதியாகிறது. சிசி பிரச்சினையா?

#12 தாமிரக்கம்பி

பெரும்பாலும் கம்பியின் தடிமன். கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

மலிவுக் கேபிளில் மின்சாரம் போகும் கம்பி 28 கேஜ் இருக்கும் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி ஒல்லி). மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போகவும் வரவும் கம்பி வேண்டும், ஆகவே 1 மீட்டர் கேபிளுக்கு 0.42 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் வழியிலேயே காலி. சார்ஜரில் 5 வோல்ட், போன் வாசலில் 4.15. போனின் சார்ஜிங் சிப் வாசல் வோல்ட்டேஜ் சரிவதைப் பார்த்ததும் இழுப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுதான் நீங்கள் பார்க்கும் பாதி வேகம். அதே கேபிள் 2 மீட்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

24 கேஜ் என்றால் மீட்டருக்கு 0.084 ஓம். 1 மீட்டர் கேபிளில் அதே 2 ஆம்பியருக்கு 0.34 வோல்ட்தான் போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிடி சார்ஜர் 9 வோல்ட் கொடுத்தால் 15 வாட்டுக்கு 1.67 ஆம்பியர் போதும். ஒல்லிக் கம்பியில் 0.7 வோல்ட் போனாலும் 8.3 வந்து சேரும், போன் சமாளித்துக்கொள்ளும். ஓப்போ போன்களின் வேகச் சார்ஜ் முறையான வூக் வகை வழி வேறு: வோல்ட்டேஜைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டுவது. முதல் வூக் 5 வோல்ட் 4 ஆம்பியர், 65 வாட் சூப்பர்வூக் 10 வோல்ட் 6.5 ஆம்பியர். அதனால்தான் பெட்டியில் வந்த தடித்த கேபிளைத் தொலைத்துவிட்டு வேறு கேபிள் போட்டால் அந்தப் போன்கள் வேகமாக ஏறுவதில்லை. அந்தக் கம்பெனி சார்ஜரும் கேபிளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் அந்த வேகம் திறக்கும்.

#13 ஸ்க்ரூடிரைவர்

இதை வைத்து 1500 ரூபாய் கேபிள் விற்கிறவர்களுக்கு வழி வகுக்காதீர்கள். தடித்த நைலான் பின்னல் போட்டிருந்தால் உள்ளே தடித்த செம்பு என்று அர்த்தமில்லை. பின்னலை உரித்தால் உள்ளே முடி மாதிரிக் கம்பியும் நிறைய நூலும் இருக்கும் கேபிள்கள் ஏராளம். 20 வாட் போனுக்கு 60 வாட் என்று அச்சிட்ட சாதாரணக் கேபிளுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

#14 தாமிரக்கம்பி

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். விலையைப் பார்க்காமல் அளந்து பாருங்கள். டைப்-சி இன்லைன் டெஸ்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, கேபிளுக்கும் போனுக்கும் நடுவே செருகினால் வோல்ட், ஆம்பியர் இரண்டும் தெரியும்.

டெஸ்டர் இல்லாதவர்கள் போனில் மில்லிஆம்பியர் காட்டும் ஆப் போடலாம். ஆனால் அது பேட்டரிக்குள் போகும் ஆம்பியர், கேபிளில் போவது அல்ல. கேபிளில் 9 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் பேட்டரிப் பக்கம் 4 வோல்ட் 4 ஆம்பியருக்கு மேல் காட்டலாம். ஒப்பிட மட்டுமே பயன்படுத்துங்கள்: பேட்டரி 20 முதல் 40 சதவீதத்துக்குள், ஏரோப்ளேன் மோட், திரை அணைத்து, ஒரு கேபிளுக்கு 5 நிமிடம். 80-க்கு மேல் பரிசோதித்தால் போன் தானாகவே இழுப்பைக் குறைத்திருக்கும், எல்லாக் கேபிளும் ஒரே மாதிரித் தெரியும்.

#15 கேள்விக்குறி

சார்ஜர் லேபிளில் பிபிஎஸ் என்று ஒரு வரி இருக்கிறதே, அது அவசியமா?

#16 மல்டிமீட்டர்மணி

போனைப் பொறுத்தது. லேபிளில் இரண்டு வகை வரி இருக்கும். "9 வோல்ட் 2.77 ஆம்பியர்" போன்றவை நிலையானவை. "3.3–11 வோல்ட் 2.25 ஆம்பியர்" என்று வீச்சாக எழுதியிருப்பது பிபிஎஸ்.

நிலையான 9 வோல்ட் வந்தால் அதை 4 வோல்ட் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி இறக்கும் வேலை போனுக்குள் நடக்கிறது, சூடும் போனுக்குள்ளேயே. பிபிஎஸ்ஸில் போன் 20 மில்லிவோல்ட் படிகளில் "8.20 கொடு, இப்போது 8.26 கொடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரி வோல்ட்டேஜின் இரு மடங்குக்குச் சற்று மேல் வாங்கி, உள்ளே சார்ஜ் பம்ப் அதைச் சரிபாதியாக்கும். அதில் வீணாவது மிகக் குறைவு. சிரமமான மாற்றம் சுவரில் இருக்கும் சார்ஜரில் நடக்கிறது, போன் குளிர்ந்திருக்கிறது.

சாம்சங்கின் 25 வாட் சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு பிபிஎஸ் கட்டாயம். 65 வாட் லேப்டாப் சார்ஜரில் பிபிஎஸ் வரி இல்லையென்றால் அந்தப் போன் அதில் வெறும் "ஃபாஸ்ட் சார்ஜிங்" மட்டுமே காட்டும். ஐபோனுக்கு பிபிஎஸ் தேவையில்லை, அது நிலையான 9 வோல்ட்டையே வாங்கிக்கொள்ளும்.

#17 ஸ்க்ரூடிரைவர்

இ-மார்க்கர் பேச்சு பாதியில் நிற்கிறது. முடித்துவிடுவோம்.

சிப் இல்லாத சி-டு-சி கேபிளில் உச்சம் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் கேபிளே "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சிப் வழியாகச் சொல்ல வேண்டும். கேள்விக்குறியின் 65 வாட் சார்ஜர் 20 வோல்ட் 3.25 ஆம்பியர். வெறும் கால் ஆம்பியர் கூடுதல்தான், ஆனாலும் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். சாதாரணக் கேபிள் போட்டால் 60-க்கு இறங்கும், சில லேப்டாப்கள் "மெதுவான சார்ஜர்" என்று புகார் சொல்லும், ஆபத்து ஒன்றும் இல்லை.

45 வாட் வாங்கும் சாம்சங் மாடல்களும் 3 ஆம்பியரைத் தாண்டுகின்றன, ஆக அவற்றுக்கும் 5 ஆம்பியர் கேபிள். 45 வாட் சார்ஜரில் மாட்டினால் திரையில் "சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் 2.0" வருகிறதா? வந்தால் கேபிளில் சிப் இருக்கிறது. இலவச டெஸ்டர்.

2021-ல் பிடி 3.1 வந்து 28, 36, 48 வோல்ட் சேர்ந்து உச்சம் 240 வாட் ஆனது. சான்றுபெற்ற புதிய கேபிள்களின் முத்திரையில் 60 அல்லது 240 என்றுதான் இருக்கும். 100 வாட் என்பது முந்தைய தலைமுறை, தூக்கிப் போட வேண்டாம், 100 வரை நன்றாகவே ஓடும்.

#18 நள்ளிரவு_சார்ஜ்

240 வாட் கேபிள் வாங்கினால் போனிலிருந்து லேப்டாப்புக்கு ஃபைல் மாற்றுவதும் வேகமாகுமா?

#19 தாமிரக்கம்பி

ஆகாது. வாட்டும் டேட்டா வேகமும் தனித்தனி. 240 வாட் கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 35–40 மெகாபைட். 50 ஜிபி வீடியோவுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதிவேகக் கம்பிகள் இல்லாத கேபிளில் மானிட்டரும் ஓடாது.

கேபிள் மட்டும் மாற்றியும் பயனில்லை, போனும் தாங்க வேண்டும். 2023-ல் வந்த ஐபோன் 15-ல் போர்ட்டே யூஎஸ்பி 2.0. 15 ப்ரோ 10 கிகாபிட் தாங்கும், ஆனால் பெட்டியில் வைத்த கேபிள் யூஎஸ்பி 2.0. கேட்டால் சிரிப்புதான் வரும்.

#20 ஆம்பியர்_ஆறுமுகம்

என் சந்தேகம் சின்னது. கேபிளை ஒரு பக்கமா சொருகினா ஃபாஸ்ட் சார்ஜ், திருப்பிச் சொருகினா ஏறவே மாட்டேங்குது. போன் போர்டு போயிடுச்சா?

#21 மல்டிமீட்டர்மணி

பதறாதீர்கள். எந்தப் பக்கம் செருகினாலும் சிசி பேச்சு ஒரு கம்பியில்தான் நடக்கும். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் போனில் சிசி1, சிசி2 இரண்டில் ஒன்று அழுக்கிலோ பச்சை பூத்தோ தொடர்பில்லாமல் இருக்கிறது. உறுதிப்படுத்த ஏ-டு-சி கேபிளைப் போடுங்கள். அதில் 5 வோல்ட் எப்போதும் இருப்பதால் பல போன்கள் இரு பக்கமும் மெதுவாகவாவது ஏறும். ஏறினால் மின்முனை நன்றாக இருக்கிறது, சிசிதான் சந்தேகம். முதலில் வேறு கேபிளில் பார்த்து, பழுது கேபிளோடு போகிறதா போனோடு நிற்கிறதா என்று முடிவு செய்யுங்கள்.

போன் என்றால் அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சட்டைப்பை பஞ்சு அடியில் போய் இறுகியிருக்கும். கேபிள் 'டக்' என்று உட்காராமல் உலோகக் கழுத்து ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் அதுதான். மரப் பல்குத்தியைச் சீவித் தட்டையாக்கி, நடுவில் இருக்கும் நாக்கை விட்டுவிட்டு ஓரச் சுவரை ஒட்டி அடியிலிருந்து பஞ்சை வெளியே இழுங்கள். குண்டூசி, சேஃப்டி பின் வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போய்ப் பச்சை பூக்கும். பசை இருந்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ்.

பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் போனில் இல்லை, கேபிள் முனையில்தான் இருக்கிறது. பஞ்சு இல்லாமலேயே லொடலொடத்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சாக்கெட் மாற்றக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

#22 ஸ்க்ரூடிரைவர்

பழைய ஏ-டு-சி கேபிள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை, எல்லோரும் டிரிம்மருக்கு அதைத் தேடி எடுக்கப் போவதால். அதன் சி முனைக்குள் 56கே ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அது போனுக்குச் சொல்வது: "பின்னால் இருப்பது பழைய போர்ட், அளவாக இழு." தொடக்க கால மலிவுக் கேபிள்கள் பலவற்றில் 10கே போட்டிருந்தார்கள். அது "3 ஆம்பியர் இழுக்கலாம்" என்ற பொய். அரை ஆம்பியர் லேப்டாப் போர்ட்டிலிருந்து போன் 3 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும்.

கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-ல் இந்தக் கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதினார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிள் அவருடைய குரோம்புக் பிக்ஸலையே காவு வாங்கியது. அதில் பிளஸ், கிரவுண்ட் கம்பிகளே இடம் மாறியிருந்தன. 10கே கேபிள் டிரிம்மருக்குப் பரவாயில்லை, ஆனால் லேப்டாப் போர்ட்டில் பெயர் தெரியாத பழைய கேபிளைச் செருகாதீர்கள்.

டைப்-சி எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கும் விதியில் இடமில்லை. கேபிளின் சிப் 5 ஆம்பியர் என்று சொல்லும், நடுவில் ஒட்டிய எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. காந்த முனைகளும் அதே கதைதான்.

#23 கேள்விக்குறி

அப்படியானால் இரண்டு போர்ட் உள்ள ஒரு சார்ஜர், ஒரு சி, ஒரு ஏ, வாங்கிவிட்டால் டிரிம்மரைத் திறக்காமலேயே முடிந்தது. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

#24 தாமிரக்கம்பி

அதுதான் எளிது. லேபிளில் போர்ட் வாரியாக என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "மொத்தம் 65 வாட்" என்று பெரிதாக இருக்கும், இரண்டையும் செருகினால் சி போர்ட்டுக்கு 45, ஏ போர்ட்டுக்கு மிச்சம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பல மாடல்களில் இரண்டாவதைச் செருகும் நொடியில் முதலாவது ஒரு கணம் அறுந்து மறுபடி பேரம் பேசத் தொடங்கும். போனுக்குத் தொல்லையில்லை. பேட்டரி இல்லாத ராஸ்பெர்ரி பை மாதிரி ஒன்றை அதில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் ஆகும்.

இந்தியாவில் வாங்கினால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் அதன் கீழ் ஆர் எழுத்தோடு 8 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். அதில் வரும் பிராண்டும் பொருளும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

#25 ஆம்பியர்_ஆறுமுகம்

பல்குத்தி வேலை செஞ்சிடுச்சு மணி அண்ணே. உள்ளேருந்து அரை தலகாணி பஞ்சு வந்துச்சு. இப்ப ரெண்டு பக்கமும் ஏறுது.